காலில் கட்டிய காவல்

லண்டன்,
ஜூன் 22

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல்.

நீ போனில் கேட்டதற்கு அவசரமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். 2023 நவம்பரில் ஜம்மு காஷ்மீர் போலீஸ் ஜாமீனில் வந்த ஒருவர் காலில் ஜிபிஎஸ் பட்டை கட்டினார்களே, அதைப்போல உன் கட்சிக்காரருக்கும் நாமே முன்வந்து கேட்கலாமா என்றாய்.

இங்கே 1999 ஜனவரியிலிருந்து, தண்டனையின் கடைசிப் பகுதியை வீட்டில் கழிக்கக் கைதிகளைப் பட்டையோடு அனுப்புகிறார்கள். எங்கள் கீழ்வீட்டுக்காரர் அப்படி வந்தவர். சாயங்காலம் ஏழு மணியிலிருந்து காலை ஏழு மணிவரை வீட்டுக்குள் இருக்க வேண்டும். ஹாலில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறார்கள். அதை நகர்த்தினாலோ பிளக்கைப் பிடுங்கினாலோ கண்காணிப்பு மையத்துக்குத் தெரிந்துவிடும்.

ஜூனில் இங்கே ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். தெருப் பிள்ளைகள் எல்லாம் எதிர்ப் பூங்காவில் விளையாடுவார்கள். அவர் பையன் பந்தும் கையுமாக அப்பாவைப் பிடித்து இழுப்பான். அவர் நிலைப்படியோடு நின்றுவிடுவார். பஸ் கொஞ்சம் தாமதமானாலும் அவர் மனைவி ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடக்க ஆரம்பித்துவிடுவாள். "ஜெயிலில் வார்டர் பார்த்த வேலை இப்போது இவள் தலையில்" என்றார் ஒருநாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

ஜெயிலுக்கு இது எவ்வளவோ மேல் என்று சொன்னவரும் அவர்தான். கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறது, பையனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறார். அதனால் இந்த ஏற்பாடே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் தண்டனை பெற்றவர். உன் கட்சிக்காரர் மேல் குற்றம் இன்னும் நிரூபணமே ஆகவில்லை. ஜாமீனில் இருப்பவரின் ஒவ்வொரு அசைவையும் போலீஸ் பார்க்கும்படி நிபந்தனை போடுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவுக்கு விரோதம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. என்னைவிட உனக்கு அது நன்றாகத் தெரியும். கோர்ட் கேட்காததை நாமே ஏன் காலை நீட்டிக் கொடுக்க வேண்டும்?

இன்னொன்று. ஜிபிஎஸ் பட்டைக்குத் தினமும் ஒரு மணி நேரம் போலச் சார்ஜ் ஏற்ற வேண்டும், காலில் இருக்கும்போதே. சார்ஜரும் காலுமாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மறந்துபோய்ச் சார்ஜ் இறங்கிவிட்டால் அதற்கும் விளக்கம் சொல்ல வேண்டும். உங்கள் ஊரில் கரண்ட் போகிற நாளில் என்ன செய்வார்? இங்கே குளிருக்குப் போடும் பேன்ட்டும் சாக்ஸும் பட்டையை மறைத்துவிடுகின்றன. வேட்டியை மடித்துக் கட்டி மூட்டை தூக்குகிறவர் அதை எங்கே மறைப்பார்? சந்தையில் நாலு பேர் பார்த்தால், தீர்ப்புக்கு முன்பே ஊர் தீர்ப்பு எழுதிவிடும்.

அதனால் நீயாகக் கேட்காதே. இந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டால்தான் ஜாமீன் என்ற நிலை வந்தால், கட்சிக்காரரிடம் மட்டும் சம்மதம் வாங்கி மனுப் போட்டுவிடாதே. ஒரு நடை அவர் வீட்டுக்குப் போய், அவர் மனைவியிடமும் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிட்டு அப்புறம் கையெழுத்து வாங்கு.

அன்புடன்,
அக்கா