அப்பாவின் ஹெர்குலிஸும் என் பி.காம். மூளையும்

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் பாப்பாரப்பட்டி பஸ்ஸுக்கு ஜன்னல் வழியே துண்டு போட வேண்டும். என்னிடம் இருந்தது கர்சீப்தான். விளைவு, நின்றுகொண்டே பயணம்!

புலம்பலாம் என்றால் சுப்பிரமணிய சிவா நினைவுக்கு வந்து தொலைத்தார். தொழுநோயைக் காட்டி வெள்ளைக்காரன் ரயிலில் ஏறவிடாதபோதும், கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போனவர். 1925-ல் கண்மூடியது பாப்பாரப்பட்டியில்தான். வாயை மூடிக்கொண்டேன்.

போன காரியம்? மாட்டுக் கொட்டாயில் கிடக்கும் அப்பாவின் ஹெர்குலிஸ்.

"எடைக்குப் போட்டுடு. சரி பண்ணினா மறுபடி ஏறி ஓட்டுவாரு. ஏரிக்கரைல விழுந்தது போதாதா?" இது அம்மா.

அப்பா எதுவும் பேசவில்லை. களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனம்தான் சார் பயம்.

நான் பி.காம். ஆயிற்றே, கணக்குப் போட்டேன். பழைய இரும்பு கிலோ 25 ரூபாய், வண்டி 18 கிலோ, வரவு 450.

சைக்கிள் கடைக்காரர் விலையே சொல்லவில்லை. முதலில் ஒரு நூலை எடுத்தார். ஹேண்டில் பக்கத்திலிருந்து பின்சக்கரம் மாட்டும் இடம்வரை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, சீட் கம்பிக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். இரு பக்கமும் ஒரே அளவு!

"பிரேம் கோணலா இருந்தா நானே வேணாம்னு சொல்லியிருப்பேன் தம்பி. இது நேரா இருக்கு. டயர், டியூப், பால்ரஸ், பிரேக் கட்டை மாத்தினா போதும். 28 இன்ச் டயர் இன்னும் வருது. பெயின்ட் மட்டும் அடிக்காதீங்க, அப்பாவுக்கு அடையாளம் தெரியாது."

செலவு 2,800. வரவு 450. எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார். நான் போட்டேன்.

அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மறுநாள் காலை அப்பா வண்டியை வெளியே எடுத்தார். நான் நெஞ்சைப் பிடித்தபடி பின்னால் போனேன். கேரியரில் புல்லுக்கட்டு. ஆனால் ஆள் ஏறவில்லை! ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே நடந்தார்.

"ஏறலியாப்பா?"

"முட்டி வலிக்குதுடா. கோல் ஊனிக்கிட்டுப் போனா கெழவன்னு சொல்லுவாங்க. சைக்கிளைத் தள்ளிட்டுப் போனா, பஞ்சர்னு நெனைச்சுக்குவாங்க!"

தேய்மானத்துக்கு இரண்டு வழி படித்திருக்கிறேன். நேர்கோட்டு முறையில் ஒரு நாள் மதிப்பு பூஜ்யமாகிவிடும். குறைந்து செல் மதிப்பு முறையில் குறைந்துகொண்டே போகும், ஆனால் பூஜ்யம் ஆகவே ஆகாது.

அப்பாவின் சைக்கிள் இரண்டாவது ரகம். அப்பாவும்தான்.