நடுவில் பூஜ்யம் இல்லை

நிலைமின்னியல் பாடத்தில் வந்த ஐந்து மார்க் கேள்வி அது. +2 நானோகூலூம் ஒன்று, −2 நானோகூலூம் ஒன்று. இரண்டுக்கும் இடையே 20 சென்டிமீட்டர். சரியாக மத்தியில் மின்புலம் எவ்வளவு?

அவன் கணக்கே போடவில்லை. ஒன்று ப்ளஸ், ஒன்று மைனஸ், அளவும் ஒன்றுதான், அப்புறம் என்ன? பூஜ்யம் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பரீட்சைக்கு முதல் நாள் சாயங்காலம் பக்கத்து பெஞ்சு நண்பனுக்கும் இதே மாதிரிக் கணக்கை, "ரெண்டும் ஒண்ணை ஒண்ணு சாப்ட்ரும்டா, ஆன்சர் ஜீரோ" என்று சொல்லிக் கொடுத்திருந்தான்.

ஐந்து மார்க் போனதில் அவனுக்கு 85 வரவேண்டியது 80 ஆனது. நண்பனுக்கு வந்தது 33. பாஸ் மார்க் 35.

நண்பன் திட்டவில்லை. பேப்பரை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். திட்டியிருக்கலாம்.

அன்று ராத்திரி புத்தகத்தைத் திறந்தபோதுதான், மனப்பாடமாகத் தெரிந்த அந்த வரியை அவன் முதல் தடவையாகப் படித்தான். ஒரு புள்ளியில் ஓரலகு நேர்மின்னூட்டத்தை வைத்தால் அது உணரும் விசைதான் அங்குள்ள மின்புலச் செறிவு. சரி, நடுவில் வைத்துப் பார்க்க வேண்டியதுதானே! இடதுபக்க ப்ளஸ் அதை வலப்பக்கமாகத் தள்ளும். வலதுபக்க மைனஸ் அதைத் தன்னிடம், அதாவது அதே வலப்பக்கமாக, இழுக்கும். ஒருவர் தள்ள, ஒருவர் இழுக்க, வண்டி எப்படி நிற்கும்? 10 சென்டிமீட்டர் தூரத்தில் ஒவ்வொன்றும் தருவது கூலூமுக்கு 1800 நியூட்டன். இரண்டும் ஒரே திசை என்பதால் கூட்டினால் 3600. பூஜ்யமாவது மின்னழுத்தம். அதற்குத் திசை கிடையாது. +180 வோல்ட்டும் −180 வோல்ட்டும் சேர்ந்தால் ஒன்றுமில்லை. அந்தக் கணக்கை இந்தக் கணக்கில் கொண்டுவந்து போட்டிருக்கிறான். மின்புலத்துக்குத் திசை உண்டு என்று சார் போர்டில் அம்புக்குறி போட்டபோதெல்லாம் அதை அலங்காரம் என்று நினைத்தவன் செய்கிற தப்புதான் இது.

மறுநாள் மதியம் வராண்டாவில், சாக்பீஸும் கையுமாக நண்பனை உட்கார வைத்தான். இந்த முறை பதிலைச் சொல்லவில்லை. "நடுவுல நீ நிக்கிற. உன்னை எது எந்தப் பக்கம் தள்ளுது?" என்று மட்டும் கேட்டான். நண்பன் இரண்டு அம்புக்குறி போட்டான். இரண்டும் ஒரே பக்கம். "அட!" என்றான்.

அடுத்தது, இரண்டுமே ப்ளஸ்: 4 நானோகூலூம், 1 நானோகூலூம், இடையே 30 சென்டிமீட்டர். இங்கே அம்புகள் எதிரெதிர், ஆகவே பூஜ்யம் ஓரிடத்தில் உண்டு. எங்கே? தூரம் இரண்டு மடங்கானால் புலம் நான்கில் ஒன்றாகிவிடும். நான்கு மடங்கு மின்னூட்டத்தைச் சமாளிக்க இரண்டு மடங்கு தள்ளி நின்றால் போதும். பெரியதிலிருந்து 20, சிறியதிலிருந்து 10 சென்டிமீட்டர். இரண்டும் 900. நண்பனே கண்டுபிடித்தான்.

கண்டுபிடித்த தெம்பில் ஒரு கேள்வியும் கேட்டான். "சோதனை மின்னூட்டத்தை எடுத்துட்டா? அப்போ அங்க என்னடா இருக்கு? வெறும் காத்தா?"

நிற்க. இது சாதாரணக் கேள்வி இல்லை. 1785-ல் கூலூம் முறுக்குத் தராசு வைத்து விசையை அளந்தபோது, இரண்டு மின்னூட்டங்கள், நடுவே தூரம் என்பதோடு கணக்கு முடிந்துவிட்டது. இடையிலுள்ள வெளியிலேயே ஏதோ நடக்கிறது என்று பிடிவாதம் பிடித்தவர் மைக்கேல் ஃபாரடே. கொல்லர் மகன், புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகியவர், உயர்கணிதம் படிக்காதவர். சமன்பாட்டுக்குப் பதில் கோடு போட்டார். அந்தக் கோடுகளை மாக்ஸ்வெல் பின்னால் கணிதமாக்கினார். 1857-ல் ஃபாரடே அவருக்கு எழுதிய கடிதத்தில், கணிதக்காரர்கள் தங்கள் முடிவுகளைச் சாதாரண மொழியிலும் சொல்லக் கூடாதா என்று கேட்டிருக்கிறார். வராண்டாவில் உட்கார்ந்திருந்தவனின் கட்சிதான் அவரும்!

"இருக்குடா," என்றான் அவன். "நீ போனாலும் புலம் அங்கயே இருக்கும். மின்னூட்டத்தை அசைச்சாக்கூட அந்தச் சேதி உடனே வராது, ஒளியோட வேகத்துலதான் வரும்."

நண்பன் கொஞ்ச நேரம் தரையையே பார்த்தான். பிறகு சாக்பீஸை வாங்கி, ப்ளஸ் குறியின் மேலேயே ஒரு புள்ளி வைத்தான்.

"இங்க நின்னா? தூரம் ஜீரோ. ஜீரோவால வகுக்கணுமே?"

அவன் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். "தெரியலைடா. வா, சார்கிட்ட கேக்கலாம்."

பெல் அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. இரண்டு பேரும் ஸ்டாஃப் ரூம் பக்கம் நடந்தார்கள்.