கோவண்டி மருத்துவரும் எங்கள் நாய்க்குட்டியும்

கோவண்டி என்றவுடன் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது குப்பைமேடுதான். துறைமுக ரயில் பாதையில் செம்பூருக்கும் மான்குர்த்துக்கும் இடையே உள்ள இச்சிறு நிலையத்தை வண்டி நெருங்கும்போதே சிலர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வர். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. 1927-ஆம் ஆண்டு முதல் பம்பாய் நகரத்துக் கழிவுகள் அருகிலுள்ள தேவனாரில் கொட்டப்பட்டு, அவ்விடம் நாளடைவில் ஒரு குன்றாகவே உயர்ந்தது. 2016 சனவரியில் அது தீப்பற்றி எரிந்தபோது எழுந்த புகையை நாம் எளிதில் மறக்க முடியாது. 1971-இல் தேவனாரில் இறைச்சிக் கூடமும் அமைந்தது. இத்தகைய இடத்தில் பருந்துக்கும் நாய்க்கும் குறைவேது?

ஆயினும் கோவண்டி குப்பைமேடு மட்டுமன்று. 1954 முதல் டாட்டா சமூக அறிவியல் கழகம் இப்பக்கத்தில்தான் இயங்கி வருகிறது. மாநகராட்சியின் சதாப்தி மருத்துவமனையும் இங்கேதான் உள்ளது. மராத்தியும் உருதுவும் தமிழும் கலந்து ஒலிக்கும் சந்துகளில் எத்தனையோ குடும்பங்கள் பிள்ளைகளைப் படிக்கவைத்து முன்னேறி வருகின்றன. அத்தகைய சந்து ஒன்றில், நெல்லைச் சீமையிலிருந்து வந்த முதிய மருத்துவர் ஒருவர் சிறு மருந்தகம் வைத்திருக்கிறார். தம் பெயரை எழுத வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டதால் இங்கு அதைக் குறிப்பிடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருமலால் வருந்திய எங்கள் மூத்த மகளை அவரிடம் அழைத்துச் சென்றோம். மருந்தகத்து மேசையடியில் கிழட்டு நாயொன்று படுத்திருந்தது. "என் மனைவி தெருவிலிருந்து எடுத்து வளர்த்தது, தம்பி. அவள் போய் ஐந்தாண்டு ஆகிறது. பிள்ளைகளோ தொலைவில் இருக்கிறார்கள். வீட்டில் என் காலடி ஓசை கேட்டு எழுந்து வருகிற உயிர் இது ஒன்றுதான்" என்றார் மருத்துவர்.

நாயென்றால் ஓடிப்போய்க் கொஞ்சும் எங்கள் மகள் அன்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். நாங்கள் அதைக் கவனிக்கவில்லை, மருத்துவர் கவனித்துவிட்டார். "கையைக் காட்டம்மா" என்றார். மணிக்கட்டுக்கு மேலே ஒரு பல் பதிந்த தடம் காய்ந்துகொண்டிருந்தது. நிலையப் படிக்கட்டின் கீழிருந்து அவள் எடுத்து வந்த நாய்க்குட்டி நான்கு நாட்களுக்கு முன் விளையாட்டாகக் கடித்ததாம். சொன்னால் தாய் குட்டியைத் துரத்திவிடுவாள் என்று அஞ்சி மறைத்திருக்கிறாள். அடுத்த வீட்டுச் சிறுமிக்கு மட்டும் தெரியுமாம். அவளும் ஒருவரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறாளாம்.

அதைக் கேட்ட மருத்துவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் மெல்லச் சொன்னார்: "நானும் ஒரு முறை அப்படிச் சத்தியம் செய்தவன்தான், தம்பி."

அது 1969-ஆம் ஆண்டு. தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூர். அவருக்கும் அவர் தோழனுக்கும் ஒன்பது வயது. இருவரும் பழைய சோற்றில் பங்கு வைத்து ஒரு நாயை வளர்த்தனர். ஒருநாள் அந்த நாய் தோழனின் காலைக் கவ்விவிட்டது. அக்காலத்தில் நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவர். ஆட்டு மூளையிலிருந்து செய்யப்பட்ட அம்மருந்தின் வலியைப் பற்றி ஊரில் கேளாத கதையில்லை. அஞ்சிய சிறுவன் கடியை மறைத்தான். "யாரிடமும் சொல்லாதே" என்று தோழனிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டான். ஒன்றரைத் திங்கள் கழித்துப் பள்ளியில் தண்ணீர் குடிக்க முயன்றவன் குடிக்க இயலாமல் அலறினான். பிறகு நான்கு நாட்களே இருந்தான்.

"நட்பைக் காப்பதாக எண்ணி வாயை மூடியிருந்தேன். அவன் தாய் இறுதிவரை என்னை ஒரு சொல் கடிந்ததில்லை. நான் மருத்துவம் படிக்கப் புறப்பட்டபோது திருநீறு பூசி அனுப்பியவளும் அவள்தான்" என்றார்.

நாய் வளர்க்க எப்படி மனம் வந்தது என்று கேட்டோம். "நாய் என்ன செய்யும்? அதற்கும் அது நோய்தானே. அன்று எங்களை ஏமாற்றியது நாயன்று, பயம்" என்றார் அவர்.

அந்நோய்க்கு மருந்து அன்றும் இல்லாமல் இல்லை. 1885-இல் பாரிசில் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக அத்தடுப்பு மருந்தை அளித்தார். 1900-இல் கசௌலியிலும் 1907-இல் நம் குன்னூரிலும் அவர் பெயரால் நிலையங்கள் ஏற்பட்டன. எனினும் நோய்க்குறி தோன்றிய பின்னர் அநேகமாக எவரும் பிழைப்பதில்லை. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இதனால் மடிவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நாய்க்கடிக்கு ஆளாகி மருந்து நாடுவோருள் நூற்றுக்கு 40 பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள்.

தொப்புள் ஊசி இந்நாட்டில் 2004-ஆம் ஆண்டோடு ஒழிந்தது. இப்போது கையில் போடும் சில ஊசிகளே போதும்; மாநகராட்சி மருத்துவமனைகளில் இலவசமாகவே போடுகிறார்கள். கடித்த இடத்தையோ பிறாண்டிய இடத்தையோ உடனே சோப்பிட்டு, ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதையும் அப்பலாகாது. ஆழமான காயமாயின் ஊசியோடு காயத்தைச் சுற்றிச் செலுத்தும் மருந்தும் தேவை. வீட்டு நாய்தானே, சிறு குட்டிதானே என்று இருந்துவிடக் கூடாது. நாட்கள் கடந்திருந்தாலும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

அன்றே சதாப்தி மருத்துவமனையில் எங்கள் மகளுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அன்றிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களிலும் சென்றோம். குட்டியைத் துரத்தவில்லை. வயது வந்ததும் பரேலில் உள்ள பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனைக்குக் கொண்டுசென்று அதற்கும் தடுப்பூசி போட்டோம். 1832-இல் தெருநாய்களைக் கொல்வதை எதிர்த்துப் பார்சி மக்கள் கலகமே செய்த நகரமல்லவா இது! நாயையும் காத்து மனிதரையும் காக்கும் வழி இந்நகரில் உண்டு.

கடைசி ஊசி முடிந்த அன்று மகள் மருத்துவரைப் பார்க்க விரும்பினாள். அடுத்த வீட்டுச் சிறுமியும் உடன் வந்தாள். மருத்துவர் இருவரையும் அருகே அழைத்து, "இனி ஒருத்திக்கு அடிபட்டால் மற்றவள் சொல்லிவிட வேண்டும். சத்தியம் செய்யுங்கள்" என்றார். இருவரும் அவர் உள்ளங்கையில் கையடித்துக் கொடுத்தனர். மேசையடியில் கிடந்த கிழட்டு நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது.

வீடு திரும்பும்போது எங்கள் மனத்தை உறுத்தியது ஒன்றுதான். பெற்றோரிடம் சொல்ல முடியாததை ஒரு குழந்தை தோழியிடம் சொல்லியிருக்கிறாள் என்றால், குற்றம் அவளுடையதன்று. அன்பர்களே, இன்று மாலை உங்கள் பிள்ளைகளின் கை கால்களை ஒரு முறை பாருங்கள். ஏதேனும் தடம் இருந்தால், முதலில் கடிந்துகொள்ளாமல் கேளுங்கள்.