ஃபோர்ப்ஸ் ஃபீல்ட், பிற்பகல் 3.36

இன்னைக்கு சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம், மாத்திரை எதுவும் இல்லை. 1970-லேயே மூடப்பட்ட ஒரு அமெரிக்க பேஸ்பால் மைதானத்தைப் பற்றித்தான் இந்த இழை. "டாக்டருக்கு என்ன ஆச்சு?"ன்னு கேட்காதீங்க. கடைசியில் மறதி நோய்க்குத்தான் வந்து சேருவோம். கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படிங்க.

1.
பிட்ஸ்பர்க். இரும்பு ஆலைகளுக்குப் பெயர்போன ஊர். அங்கே முதியோர் மருத்துவத்தில் சில காலம் பயிற்சியில் இருந்தேன். அந்த ஊர் அணியின் பெயர் பைரேட்ஸ். 1909 ஜூன் 30 முதல் 1970 ஜூன் 28 வரை அவர்களின் சொந்த மைதானம் ஃபோர்ப்ஸ் ஃபீல்ட். அதுக்கு அப்புறம் ஆற்றங்கரையில் கட்டிய புது ஸ்டேடியத்துக்குப் போயிட்டாங்க. பழைய மைதானத்தை அடுத்த வருஷம் இடிச்சாங்க. அந்த இடத்தில் இப்போது பல்கலைக்கழகக் கட்டடங்கள் நிற்கின்றன.

2.
ஆனால் முழுசாகப் போகவில்லை. கொடி படர்ந்த செங்கல் மதிலில் ஒரு பகுதியும், கொடிக்கம்பமும் இன்னும் அப்படியே இருக்கு. மதிலில் 457 அடி என்று எழுதியிருக்கும். அடித்து ஆடுபவர் நிற்கும் இடத்திலிருந்து அந்த மூலை வரைக்கும் அவ்வளவு தூரம். அவர் நிற்கும் இடத்தில் தரையில் பதித்திருக்கும் வெள்ளைப் பலகைக்கு ஹோம் பிளேட் என்று பெயர். அதை ஒரு கல்லூரிக் கட்டடத்தின் தரையில் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். மாணவர்கள் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போறாங்க.

(மருத்துவ நண்பர்களுக்கு ஒரு துணுக்கு: ஜோனஸ் சால்க் போலியோ தடுப்பூசியை உருவாக்கிய ஆய்வுக்கூடம் இந்த மைதானத்திலிருந்து நடந்து போகும் தூரம்தான். அந்த ஊசி பலன் தருகிறது என்று 1955 ஏப்ரல் 12 அன்று அறிவித்தார்கள்.)

3.
ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் 13 அன்று அந்த மதிலடியில் கூட்டம் கூடும். மடக்கு நாற்காலி, பழைய தொப்பி, கறுப்பும் பொன்னிறமுமாகச் சட்டைகள். நடுவில் ஒரு ஒலிபெருக்கி. அதில் ஓடுவது 1960-ஆம் ஆண்டின் வானொலி நேர்முக வர்ணனை. முடிவு எல்லாருக்கும் தெரிந்த ஆட்டம். ஆனாலும் முழுசாக உட்கார்ந்து கேட்பார்கள். 1985-ல் ஒரே ஒரு ரசிகர் தனியாக ஒலிநாடாவோடு வந்து உட்கார்ந்ததில் ஆரம்பித்த பழக்கம் இது.

4.
அப்படி என்ன ஆட்டம்? உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். எதிரில் நியூயார்க் யாங்கீஸ். தொடர் முழுக்க யாங்கீஸ் எடுத்த ரன்கள் 55, பைரேட்ஸ் எடுத்தது 27. பாதிகூட இல்லை! ஆனால் ஆளுக்கு மூன்று ஆட்டம் ஜெயித்து சமநிலையில் நின்றார்கள்.

கடைசி ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் தரையில் உருண்டு வந்த பந்து திடீரென எகிறி, யாங்கீஸ் வீரர் டோனி குபெக்கின் தொண்டையைத் தாக்கியது. அவர் வெளியேற வேண்டியதாயிற்று. அந்த இன்னிங்ஸில் ஆட்டமே திரும்பியது. பைரேட்ஸ் 9-7. ஒன்பதாவதில் யாங்கீஸ் 9-9 ஆக்கினார்கள்.

5.
அடுத்து வந்தவர் பில் மாசெரோஸ்கி. தடுப்பாட்டத்துக்குப் பேர் வாங்கினவர், பெரிய அடிக்காரர் கிடையாது. ரால்ஃப் டெர்ரி வீசிய இரண்டாவது பந்தை இடப்பக்க மதிலுக்கு மேலே அனுப்பினார். மணி பிற்பகல் 3.36. ஸ்கோர் 10-9. உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தைக் கடைசி அடி ஹோம் ரன்னாக முடித்துவைத்தவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். மதிலடியில் ஓடும் ஒலிப்பதிவையும் அதே 3.36-க்கு அந்த அடி வரும்படி கணக்குப் பண்ணித்தான் ஆரம்பிப்பார்கள்.

6.
இப்போ என் நோயாளிக்கு வரேன். (அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஆலைத் தொழிலாளியாக இருந்து ஓய்வுபெற்றவர். அல்சைமர், நடுத்தர நிலை. இன்னைக்கு என்ன கிழமைன்னு தெரியாது. மகனைத் தன் தம்பின்னு நினைப்பார். ஆனால் பைரேட்ஸ் என்று சொன்னால் போதும், முதுகு நிமிர்ந்துவிடும். "நான் அங்கே இருந்தேன். பந்து என் தலைக்கு மேல போச்சு" என்பார். பத்து நிமிஷத்தில் மறுபடியும் அதையே சொல்வார்.

7.
மகனுக்கு இதுதான் பிரச்சினை. "டாக்டர், அப்பா அன்னைக்கு மைதானத்துக்கே போகலை. வியாழக்கிழமை. ஆலையில வேலையில இருந்தார், ரேடியோவுலதான் கேட்டார். அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்காங்க. நாங்க திருத்தினா கோபப்பட்டு அழறார். திருத்தலாமா, கூடாதா?"

நியாயமான கேள்வி. அப்பா சொல்வதற்கெல்லாம் தலையாட்டினால் அவரிடம் பொய் சொல்வது ஆகாதா?

8.
முதலில், இவ்வளவு மறந்தவருக்கு அது மட்டும் எப்படி நினைவிருக்கிறது? அல்சைமர் பொதுவாக முதலில் பாதிப்பது மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியை. புதிய நினைவுகளைப் பதிய வைப்பது அதன் வேலை. அதனால் காலையில் சாப்பிட்ட இட்லி மறந்துபோகும். பல வருஷமாகத் திரும்பத் திரும்ப நினைத்த பழைய சங்கதிகள் மூளையில் பரவலாகப் பதிந்திருப்பதால் அதிக நாள் தாக்குப்பிடிக்கும். அதிலும் 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவை மற்ற வயது நினைவுகளைவிட அடர்த்தியாக இருக்கும். 1960-ல் நம்ம ஆளுக்கு வயது 19.

9.
ரெண்டாவது, நினைவு என்பது வீடியோ பதிவு அல்ல. ஒவ்வொரு தடவையும் மூளை அதைப் புதுசாகக் கட்டுகிறது. கேட்டது, படத்தில் பார்த்தது, நண்பன் சொன்னது எல்லாம் கட்டும்போது உள்ளே கலந்துவிடும். நோய் இல்லாதவர்களுக்கும் இதேதான். அன்று மைதானத்தில் இருந்தவர்கள் 36,683 பேர். "நானும் இருந்தேன்" என்று சொன்ன பிட்ஸ்பர்க் பெரியவர்களை எல்லாம் உள்ளே விட்டிருந்தால் மதில் அன்றைக்கே விழுந்திருக்கும்.

10.
வேடிக்கையைக் கேளுங்க. அந்த வானொலிப் பதிவிலேயே தப்பு இருக்கு! பரபரப்பில் வர்ணனையாளர் பந்து வீசியவர் பெயரை ஆர்ட் டிட்மார் என்று மாற்றிச் சொல்லிவிட்டார். ஸ்கோரையும் முதலில் தப்பாகச் சொல்லிப் பிறகு திருத்தினார். முழு ஆட்டத்தின் படச்சுருள் பல வருஷம் கழித்து, பாடகர் பிங் கிராஸ்பியின் வீட்டு நிலவறையில் கிடைத்தது. அவர் பைரேட்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவர். 2010-ல் அதைத் தொலைக்காட்சியில் போட்டார்கள். சரியான காட்சி கிடைத்த பிறகும் மதிலடியில் கூடுகிறவர்கள் கேட்பது அந்தத் தப்புள்ள வானொலியைத்தான். அவர்களில் பலருக்கு அன்றைய தினம் காதால் நடந்தது.

11.
மகனிடம் சொன்னேன்: "இருந்தாரா இல்லையான்னு விசாரிக்க வேண்டாம். அன்னைக்கு எப்படி இருந்ததுன்னு கேளுங்க. அந்த ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டுங்க."

அடுத்த தடவை வந்தபோது போனில் போட்டார்கள். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார். டிட்மார் என்று வந்ததும் கையை உயர்த்தி, "இல்லை, டெர்ரி" என்றார். மகனின் பெயர் தெரியாதவர் வர்ணனையாளரைத் திருத்துகிறார்! அவர் மனைவி சிரித்துவிட்டார். பிறகு பெரியவர் ஆலையில் ரேடியோ எந்த அலமாரி மேல் இருந்தது, மேற்பார்வையாளர் கண்டும் காணாமல் போனது, எல்லாரும் சட்டைக் கரியோடு கட்டிப்பிடித்துக்கொண்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். யாரும் அவரை "அப்போ மைதானத்துல இல்லையா?"ன்னு மடக்கவில்லை. மகன் அதுவரை கேட்டிராத கதை அது.

12.
இதற்கு நினைவூட்டல் சிகிச்சை என்று பெயர். செயின்ட் லூயிஸ் நகரில் மறதி நோயுள்ள பேஸ்பால் ரசிகர்களைக் கூட்டிவைத்துப் பழைய ஆட்டங்களைப் பேசவைக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் இதையே கால்பந்தை வைத்துச் செய்கிறார்கள். நேர்மையாகச் சொல்லணும்: இது நோயைக் குணமாக்காது. ஆய்வுகளில் தெரியும் பலன் சிறியது, எல்லாருக்கும் ஒரே மாதிரியும் இல்லை. என் நோயாளிக்கும் அடுத்த நாள் கிழமை தெரியவில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் வீட்டில் யாரும் அழவில்லை. பராமரிக்கிறவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும்.

13.
வீட்டில் மறதி நோயாளி இருந்தால்:

• "ஞாபகம் இருக்கா?" என்று பரீட்சை வைக்காதீங்க. ஒரு பாட்டு, ஒரு வர்ணனை, ஒரு படம் முதலில் வரட்டும். பேச்சு தானாக வரும்.

• யாருக்கும் கெடுதல் இல்லாத தப்பைத் திருத்த வேண்டாம். ஆனால் "மாத்திரை போட்டாச்சு", "அடுப்பை அணைச்சாச்சு" என்றால் கண்டிப்பாகச் சரிபாருங்க.

• சில பழைய நினைவுகள் வலிக்கும். முகம் வாடினால் பேச்சை மாற்றுங்க.

• ஒன்றிரண்டு நாளில் குழப்பம் திடீரென அதிகமானால் அது வெறும் மறதி அல்ல. தொற்றோ மருந்தோ காரணமாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்க.

14.
இன்னொன்று. நோய் வரும் வரை காத்திருக்க வேண்டாம். உங்க அப்பா அம்மாவுக்கு 19 வயசில் எந்த ஊர், எந்த மைதானம், எந்த வானொலி, யாரோட ஆட்டம்னு இந்த வாரமே கேட்டு எழுதி வைங்க. முடிந்தால் அவங்க குரலிலேயே பதிவு பண்ணுங்க. தேதி தப்பா இருந்தாலும் பரவாயில்லை.

கேட்டவங்க என்ன பதில் கிடைச்சதுன்னு கீழே எழுதுங்க. எல்லாத்தையும் படிப்பேன்.