கையெழுத்துப் போடாத படிவம்

ஓய்வுக்குப் பிறகு மனைவியின் ஊரான ஆரணியில் வந்து தங்கியவன் நான். எங்கள் தெருவில் விடிந்தால் தறிச் சத்தம்தான். கடல் இங்கிருந்து வெகுதூரம். ஆனாலும் 2025 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் என் மனம் பசிபிக் சமுத்திரத்தில்தான் கிடந்தது.

காரணம், நம் கடற்படையின் 'தாரிணி' என்ற பாய்மரப் படகு. நீளம் 56 அடிதான். அதில் இரண்டே பேர், லெப்டினன்ட் கமாண்டர்கள் தில்னாவும் ரூபாவும். தில்னா கோழிக்கோட்டுக்காரர், ரூபா எங்கள் புதுச்சேரி. நான் பிறந்த ஊர்ப் பெண் ஆயிற்றே, கவலை இருக்காதா? உலகைச் சுற்றிவர 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டார்கள். அதில் மிக நீண்ட கட்டம், நியூசிலாந்தின் லிட்டல்டன் துறைமுகத்திலிருந்து ஃபாக்லாந்து தீவுகள் வரை. சுமார் ஆறு வாரம், காற்றை மட்டுமே நம்பி. ஒருவர் தூங்கினால் மற்றவர் விழித்திருக்க வேண்டும்.

ஜனவரி 30 அன்று 'நீமோ புள்ளி'யைக் கடந்தார்கள் என்று செய்தி வந்தது. அங்கிருந்து எந்தக் கரைக்குப் போவதானாலும் சுமார் 2,690 கிலோமீட்டர். 400 கிலோமீட்டர் உயரத்தில் விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போகும்போது, அதிலிருப்பவர்கள்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள்!

நீமோ என்றதும் எனக்குப் பள்ளிக்கூட ஞாபகம். பிரெஞ்சில் படித்த பிள்ளைகளுக்கு ஜூல் வெர்னின் கேப்டன் நீமோவைத் தெரியாமல் இருக்காது. அவர் புந்தேல்கண்ட் இளவரசர் என்று 'மர்மத் தீவு' நாவலில் தெரிய வந்தபோது வகுப்பே குதித்தது. ஃபாக்லாந்தை எங்கள் ஆசிரியர் 'மலுயீன்' என்றுதான் சொல்வார். பிரான்சின் சேன் மாலோ துறைமுகத்து மாலுமிகளால் வந்த பெயர்.

இவ்வளவு கடல் கதை படித்த நான் ஒரு காரியம் செய்தேன். என் மகள் கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தாள். பாய்மரப் படகுப் பயிற்சி முகாமுக்குப் பெற்றோர் சம்மதப் படிவம் கொண்டுவந்தாள். அலுவலகத்தில் ஆயிரக்கணக்கான காகிதங்களில் கையெழுத்துப் போட்ட கை, அதில் போடவில்லை. "பொம்பளப் பிள்ளைக்குக் கடல்ல என்ன வேலை?" என்றேன். அவள் வாதாடவில்லை. அதன் பிறகு என்னிடம் எதற்கும் சம்மதம் கேட்டதில்லை. தகவல் மட்டும் சொல்வாள்.

மே 29 அன்று தாரிணி கோவா திரும்பியது. அன்று இரவு மகளுக்குப் போன் செய்தேன்.

"அன்னைக்கு அந்தப் படிவத்துல கையெழுத்துப் போட்டிருக்கணும்மா."

"எந்தப் படிவம்ப்பா?" என்றாள்.

நிஜமாகவே மறந்துவிட்டாளா, எனக்காகச் சொன்னாளா, தெரியவில்லை. நான் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே ஆரம்பித்தாள்.

"ஹார்ன் முனை மாதிரி இடத்துல பெரிய பாயை எப்படிச் சுருக்குவாங்க தெரியுமாப்பா? பாதி இறக்கி, அடிப்பக்கத்தைச் சுருட்டிக் கட்டணும். காத்து ஏறுறதுக்கு முன்னாடியே செஞ்சிடணும். அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளிப்போட்டா கஷ்டம்ப்பா."

அரைமணி நேரம் விடாமல் பேசினாள். நான் 'உம்' கொட்டிக்கொண்டே இருந்தேன்.