கிளிவெட்டித் தேநீர்க்கடை

மூதூருக்குத் தெற்கே, வயல்கள் சூழ்ந்த கிளிவெட்டியில் ஒரு தேநீர்க்கடை வாங்கில் அமர்ந்திருந்தோம். சில நாட்களுக்கு முன் கண்ட தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று நினைவில் எழுந்தது. நலிந்த உணவகங்களை ஒரே வாரத்தில் திருத்தியமைக்கும் அந்நிகழ்ச்சி, கோர்டன் ராம்சே என்னும் சமையற்கலைஞரைக் கொண்டு 2004இல் இங்கிலாந்தில் தொடங்கியது. அதில் முதலாவதாகத் தோன்றிய 'போனபார்ட்ஸ்' பின்னர் மூடப்பட்டது. அமெரிக்காவிலும் பல உணவகங்கள் அவ்வாறே மறைந்தன. புதிய வர்ணம் பழைய கடனை அடைப்பதில்லை; வேடிக்கை பார்க்க வந்தவர் நாள்தோறும் வருவதுமில்லை.

இங்கோ, 2006ஆம் ஆண்டுப் போரில் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் ஆண்டுக்கணக்கில் முகாமில் வாழ்ந்தனர். அத்துயர் கண்ட மண்ணில், கடைக்காரர் உழவர் கணக்கைக் கொப்பியில் எழுதிவைத்துப் பொறுத்திருக்கிறார்.

“வெள்ளாமை வெட்டினா வருவாங்க ஐயா” என்றார்.

அந்த நம்பிக்கையே கடையின் முதல்.