கூறை மாற்றும் நேரம்

ரொறன்ரோ, ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட். இஸ்திரி மேசையில் அரக்குச் சிவப்புக் கூறை விரிந்து கிடக்கிறது. மணப்பெண் அலங்காரம் செய்யும் அக்கா கொசுவத்தை மடித்து, மேலும் கீழும் தலைமயிர்க் கிளிப் போட்டு இழுத்துப் பிடிக்கிறார். உதவிக்கு நிற்கும் பெண் மெல்லிய பருத்தித் துணியை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியை அழுத்துகிறாள். சரிகையில் சூடு நேரே படக்கூடாது. முந்தானை மடிப்பும் முடிந்து, தோளில் குத்தும் இடத்துக்கு ஊசி அடையாளமும் வைத்தாகிவிட்டது.

“தங்கச்சி, பொம்பிளை வெளிக்கிடுத்திற வேலையிலை அரைவாசி இஞ்சையே முடிஞ்சிடும்” என்றார்.

முகத்தை விட்டுவிட்டுச் சேலைக்கு ஏன் இந்தப் பாடு? எங்கள் ஈழத்துக் கலியாணங்களில் பெண் ஒரு சேலையோடு மணவறைக்கு வருவாள். மாப்பிள்ளை தட்டில் கூறையைக் கொடுத்ததும் உள்ளே போய், அதை உடுத்திக்கொண்டு தாலிக்குத் திரும்பவேண்டும். முகூர்த்தம் காத்திருக்காது. இருபது நிமிடம் கிடைத்தால் பெரிது. அதனால் அக்கா மாப்பிள்ளை வீட்டாரிடம் கூறையை முன்கூட்டியே வாங்கி, மடித்து, தட்டில் வைக்கத் திருப்பி அனுப்பிவிடுவார். “சில மாமிமார் தரமாட்டினம். அண்டைக்கு நான் எல்லாச் சாமியையும் கூப்பிடுவன்.”

பெண்கள் இவரிடம் வருவது இன்ஸ்டாகிராமில் பொறுக்கிய பட்டியலோடு. பிளீச், பீல், பளபளப்புக்கு ஒரு ஃபேஷியல். அக்கா பாதியை வெட்டிவிடுவார். புதிதாக எதையும் செய்து பார்ப்பதானால் ஒரு மாதம் முன்னதாக. கடைசி இரண்டு கிழமை முகத்தில் புதுச் சாமான் ஒன்றும் படக்கூடாது. புருவம் திரெட் பண்ணுவது நாலைந்து நாள் முன்பு, சிவந்தது ஆற நேரம் வேண்டும். குளிர்காலக் கலியாணம் என்றால் இன்னொரு தொல்லை. ஃபர்னஸ் காற்றில் தோல் காய்ந்து, பூசியது மத்தியானத்துக்குள் வெடித்துக் கோடு விடும். மாதக்கணக்காக ஒழுங்காகக் கிரீம் பூசி வந்தவளுக்கு மட்டும் அது நிற்கும்.

“கொஞ்சம் வெள்ளையாத் தெரியப் பண்ணுவீங்களோ?” என்று கேட்பது பெரும்பாலும் பெண்ணின் அம்மாதான். வெள்ளையாக்கும் கிரீம்களில் பாதரசம் இருந்து பிடிபடுவதும், கனடாவில் அழகுப் பொருட்களில் அதற்குத் தடை இருப்பதும் அக்கா திரும்பத் திரும்பச் சொல்லும் பாடம். எனக்கு அந்தக் கேள்வியே எரிச்சலூட்டுகிறது. அவருக்கு எரிச்சல்பட நேரமில்லை.

ஒப்பனையில் இந்த ஊருக்கு ஒரு பெயர் உண்டு. மேக் நிறுவனத்தை 1984இல் பிராங்க் டொஸ்கான், பிராங்க் ஆஞ்சலோ என்ற இருவர் தொடங்கியது ரொறன்ரோவில்தான். சமையலறையில் கலந்து சலூனில் விற்ற சரக்கு. இலங்கையில் நடந்த 1983 கலவரத்துக்குப் பின் எங்கள் ஆட்கள் இங்கே வந்து இறங்கியதும் அதையொட்டித்தான். ஆனாலும் அந்த நாளைய கலியாண அல்பங்களைப் புரட்டிப் பாருங்கள்: முகம் சாம்பல் பூத்து, கழுத்து வேறு நிறத்தில். 2017இல் ஃபென்டி நிறுவனம் ஒரே தடவையில் 40 ஃபவுண்டேஷன் நிறங்களை இறக்கிய பிறகுதான் மற்ற நிறுவனங்களுக்கும் உறைத்தது. அதுவரை இரண்டு மூன்று டப்பாக்களைப் புறங்கையில் குழைத்துத்தான் எங்கள் நிறத்தை எடுத்தாராம் அக்கா.

மருதோன்றிக்கு வேறு ஆள். இரண்டு நாள் முன்பே போடவேண்டும். கழுவியதும் செம்மஞ்சளாகத்தான் இருக்கும், ஒரு நாள் போனால் கறுத்துச் சிவக்கும். உடனே கறுப்பாகப் பிடிக்கும் ‘கறுப்பு மெஹந்தி’யில் தலைமயிர்ச் சாயத்துக்குப் போடும் பிபிடி என்ற இரசாயனம் கலந்திருக்கும், கை கொப்பளிக்கக்கூடும்.

ஆடி மாதத்தில் கலியாணம் வைக்கமாட்டார்கள், வேலை மந்தம். இந்த நாட்டின் அருமையான வெயில் ஆடியோடு போய்விடுவதால் ஆனியும் ஆவணியும் நெரிபடும்.

கலியாணத்தன்று விடியுமுன்னே போய் இறங்கினோம். பெண்ணுக்குப் பால் அறுகு வைக்கப் பெரியவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொருவராக வைத்து முடித்து அவள் முழுகி வந்தால்தான் வேலை தொடங்கும். ஈரத்தலையில் சடை பின்ன முடியாது. ஒரு பெரியம்மா படத்துக்காக இரண்டாம் தரமும் அறுகு வைத்தார். அக்கா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி ஹேர் டிரையரைச் செருகி வைத்தார்.

மண்டபத்தில் கூறையோடு பெண் உள்ளே வந்ததும் கதவு பூட்டப்பட்டது. யாரும் பேசவில்லை. ஒருத்தி ஒட்டியாணத்தைக் கழற்றினாள், இன்னொருத்தி தலைச்சாமானில் சேலை படாமல் பிடித்தாள், அக்கா வாயில் ஊசிகளோடு முழங்காலில் நின்று கொசுவத்தைச் செருகினார். வேர்வையைத் துடைக்கவில்லை, டிஷ்யூவால் ஒற்றி எடுத்தார். பெண் தண்ணீர் கேட்டாள், ஸ்ட்ரோ வைத்துக் கொடுத்தார்கள். வெளியே ஐயர் மைக்கில் “பொம்பிளையை அழைச்சுக்கொண்டு வாங்கோ” என்று இரண்டாம் தரம் சொல்லும்போது கதவு திறந்தது.

“தாலி கட்டுறதைப் பார்க்க வரேல்லையா?” என்று கேட்டேன்.

“இத்தனை வருசமா கெட்டிமேளம் மட்டும்தான் கேட்டிருக்கிறன்” என்றவர், ரிசெப்ஷன் லெகங்காவில் கொக்கி ஒன்று அறுந்திருப்பதைக் கண்டு, சிவப்பு நூல் எங்கே என்று உதவிக்காரப் பெண்ணை ஏசத் தொடங்கினார்.